ஹீட்டட் கிரிப்: வாங்கும் முன்பும் மாட்டும்போதும் எழும் கேள்விகள்

குளிரில் பைக் ஓட்டுகிறவர்கள் ஹீட்டட் கிரிப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். முதலில் அடிப்படை, போகப் போகச் சிக்கலானவை. பொருளை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் நேராக மாட்டும் பகுதிக்குப் போகலாம். ஆனால் கரண்ட் கணக்கு பற்றிய பதிலை மட்டும் தாண்டிவிட வேண்டாம்.

ஹீட்டட் கிரிப்னா என்ன? உள்ளே ஒயரைச் சுத்தி வெச்சிருப்பாங்களா?

கிட்டத்தட்ட அதுதான். கிரிப்பின் ரப்பருக்கு அடியில் மெல்லிய மின்தடைக் கம்பியோ, படலம் போன்ற ஒரு ஹீட்டரோ பதிந்திருக்கும். பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் அதில் பாயும்போது சூடாகும். அந்தச் சூடு ரப்பர் வழியாக உள்ளங்கைக்கு வரும். இரண்டு கிரிப், நடுவில் ஒரு கண்ட்ரோலர் அல்லது சுவிட்ச், பேட்டரிக்குப் போகும் ஒயர், ஒரு ஃபியூஸ். மொத்தச் சாமான் இவ்வளவுதான்.

நல்ல தடிமனான கிளவுஸ் போட்டா போதாதா?

கிளவுஸ் சூட்டை உண்டாக்காது, கையில் இருக்கும் சூடு வெளியே போவதைத் தாமதப்படுத்தும். குறைந்த தூரத்துக்கு அது போதும். ஆனால் காற்று விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் உடல் அனுப்புகிற சூட்டைவிட வெளியேறுகிற சூடு அதிகமாகிவிடும். வெளியே 10 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால், மூடாத தோலுக்கு அது 4 டிகிரி போலத் தெரியும். 5 டிகிரியில் அதே வேகம் என்றால் பூஜ்ஜியத்துக்கும் கீழே போய்விடும்.

இன்னொன்றும் இருக்கிறது. மார்பும் வயிறும் குளிர்ந்தால், உள்ளுறுப்புகளைக் காப்பாற்ற உடல் கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். அதனால் கை விறைக்கிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது ஜாக்கெட்டைத்தான். கழுத்து வழியாகக் காற்று இறங்கும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு எந்த கிரிப்பை மாட்டினாலும் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

விறைத்த விரலுக்கு பிரேக் லிவரில் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறோம் என்பதே தெரியாது. அதனால் இதை ஆடம்பரமாக நான் பார்ப்பதில்லை. பாதுகாப்புச் சாமான்களோடு சேர்த்துத்தான் எண்ணுகிறேன்.

எத்தனை வகை இருக்கு? எதை வாங்கறது?

மூன்று வகை. முதலாவது, பழைய கிரிப்பைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மாட்டும் முழு ஹீட்டட் கிரிப். இரண்டாவது, பழைய கிரிப்பைக் கழற்றி, அதனடியில் ஹேண்டில்பார்மேல் ஹீட்டர் படலத்தை ஒட்டி, அதே கிரிப்பையோ புதிய சாதாரண கிரிப்பையோ மேலே ஏற்றுவது. மூன்றாவது, இருக்கிற கிரிப்மேல் உறைபோலச் சுற்றிக் கட்டுவது.

தினமும் ஓட்டுகிறவருக்கு என் பரிந்துரை முதல் வகை. ஹீட்டர் கைக்கு அருகில் இருப்பதால் சூடு சீக்கிரம் வரும், கிரிப்பும் உறுதியாக நிற்கும். குறிப்பிட்ட ஒரு கிரிப்தான் கைக்கு ஒத்துவருகிறது, அதை மாற்ற மனமில்லை என்பவர்களுக்கு இரண்டாவது வகை. ஆனால் சூட்டில் ஒரு பகுதி ஹேண்டில்பாருக்கே போய்விடும், அதற்குத் தனியாகக் காப்பு போட வேண்டும் (இடது கிரிப் பற்றிய கேள்வியில் சொல்லியிருக்கிறேன்).

சுற்றிக் கட்டும் உறையைக் குளிர்காலத்தில் மாட்டி, கோடையில் கழற்றி வைத்துவிடலாம். வாடகை வண்டிக்கும் உதவும். ஆனால் கிரிப் பருமனாகிவிடும், சரியாக இழுத்துக் கட்டாவிட்டால் பிடிக்கும்போது லேசாகச் சுழலும். ஆக்சிலேட்டர் பக்கம் உறை சுழல்வதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். இந்த வகையை வாங்கினால் ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் கையால் முறுக்கிப் பார்த்துவிடுங்கள்.

என் வண்டிக்கு எந்த அளவு வரும்?

ஹேண்டில்பாரின் வெளிவிட்டத்தை கிரிப் உட்காரும் இடத்தில் அளக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் 22 மில்லிமீட்டர். க்ரூசர் வண்டிகள் பலவற்றில் 25.4 மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குலம். நடுவில் பருத்திருக்கும் 28.6 மில்லிமீட்டர் ஹேண்டில்பாரைப் பார்த்துச் சிலர் குழம்புகிறார்கள். அதுவும் கிரிப் உட்காரும் முனையில் 22 மில்லிமீட்டராகக் குறுகிவிடும்.

அடுத்தது நீளம். சுவிட்ச் பெட்டியின் விளிம்பிலிருந்து பார் முனை வரை அளந்து கொள்ளுங்கள். 115 முதல் 130 மில்லிமீட்டருக்குள் பலவிதமாக வரும். நீளமான கிரிப்பை வாங்கி, பிறகு கத்தியால் வெட்டிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். உள்ளே ஹீட்டர் கம்பி ஓடுகிறது. வெட்டலாம் என்று தயாரிப்பாளரே ஒரு பகுதியைக் குறித்துக் கொடுத்திருந்தால் மட்டும் அந்த அளவுக்கு வெட்டலாம்.

பருமனையும் பாருங்கள். ஹீட்டட் கிரிப் சாதாரண கிரிப்பைவிடச் சில மில்லிமீட்டர் தடிமனாக இருக்கும். சின்னக் கை உள்ளவர்களுக்கு பிரேக், கிளட்ச் லிவர்கள் எட்டாததுபோலத் தோன்றும். லிவரில் தூரம் சரிசெய்யும் வசதி இருந்தால் ஒரு படி உள்ளே கொண்டுவந்தால் போதும்.

என் வண்டி இந்த லோடைத் தாங்குமா?

எல்லாக் கேள்விகளையும்விட முக்கியமானது இது. ஹீட்டட் கிரிப் ஜோடி ஒன்று முழுச் சூட்டில் 30 முதல் 50 வாட் வரை இழுக்கும். ஆம்ப் கணக்கில் சுமார் 3 முதல் 4. ஒரு ஹாலஜன் ஹெட்லைட் பல்பு 55 அல்லது 60 வாட். ஆக, இன்னொரு ஹெட்லைட்டுக்குச் சற்றுக் குறைவான சுமையை வண்டிமேல் ஏற்றுகிறீர்கள்.

வண்டியின் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் பாகம்) எத்தனை வாட் தரும் என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கும். சின்ன வண்டிகளில் 100 முதல் 200 வாட், நடுத்தர வண்டிகளில் 300 வாட் அளவில், நீண்ட பயணத்துக்கான பெரிய வண்டிகளில் 500 வாட்டுக்கு மேலும் இருக்கும். அந்த எண்ணோடு ஒரு ஆர்.பி.எம். அளவும் போட்டிருக்கும், பெரும்பாலும் 5000. ஐட்லிங்கில் அதில் ஒரு பங்குதான் கிடைக்கும். 200 வாட் வண்டி என்று வைத்துக்கொள்வோம். ஹெட்லைட்டுக்கு 60, டெயில் லைட்டுக்கும் மீட்டருக்கும் 10, ஃபியூவல் பம்ப், இக்னிஷன், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) எல்லாவற்றுக்கும் சேர்த்து 80 போனால் மீதி 50. அதில் பேட்டரியும் சார்ஜ் ஆக வேண்டும். 40 வாட் கிரிப் அங்கே மாட்டலாம், ஆனால் முழுச் சூட்டில் நகர நெரிசலில் ஓட்ட முடியாது.

கணக்கை நம்புவதைவிட அளந்து பார்ப்பது நல்லது. கிரிப்பை மாட்டுவதற்கு முன்பே இதைச் செய்யலாம். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டை ஹைபீமில் போட்டு, கூடவே 40 வாட் அளவிலான ஒரு பல்பை பேட்டரியில் இணைத்து, பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். 3000 முதல் 4000 ஆர்.பி.எம்.மில் 13.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கவலையே இல்லை. 13 வோல்ட் அருகே நின்றால் சமாளிக்கலாம். 12.8க்குக் கீழே இறங்கினால் வண்டி ஓடும்போதே பேட்டரி காலியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

என்னோடது சின்ன வண்டி. அப்ப மாட்டவே கூடாதா?

கூடாது என்று சொல்லமாட்டேன். குறைந்த வாட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். 20, 25 வாட்டில் சுற்றிக் கட்டும் உறைகள் உண்டு. வண்டியில் ஹாலஜன் ஹெட்லைட் இருந்தால், உங்கள் பகுதிச் சட்டம் அனுமதிக்கும் எல்இடி பல்புக்கு மாறினால் 30 வாட்டுக்கு மேல் மிச்சமாகும். கிரிப்புக்குத் தேவையானது அங்கேயே கிடைத்துவிடும்.

பழைய சின்ன வண்டிகளில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆக்சிலேட்டரைத் திருகத் திருக ஹெட்லைட் பிரகாசமாகி, ஐட்லிங்கில் மங்கினால், அந்த லைட் அநேகமாக ஆல்டர்னேட்டரின் ஏசி மின்சாரத்தில் நேரடியாக எரிகிறது. அப்படிப்பட்ட வண்டியில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டிசி பக்கம் மிகவும் பலவீனமாக இருக்கும். ஆல்டர்னேட்டர் மொத்தமாக எவ்வளவு தருகிறது என்ற எண் அங்கே உதவாது. முந்தைய பதிலில் சொன்ன மல்டிமீட்டர் சோதனைதான் உண்மையைச் சொல்லும். 6 வோல்ட் வண்டி என்றால் 12 வோல்ட் கிரிப்பை நினைக்கவே வேண்டாம்.

எத்தனை லெவல் சூடு இருக்கணும்? ரெண்டு போதுமா?

இரண்டு லெவல் சுவிட்ச் எளிமையானது, கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. பலவற்றில் 'ஹை' என்றால் இரண்டு கிரிப்பும் பக்க இணைப்பில் (ஒவ்வொன்றுக்கும் முழு 12 வோல்ட்) இருக்கும், 'லோ' என்றால் தொடர் இணைப்பில் (ஒன்றன் வழியாக மற்றொன்றுக்கு) இருக்கும். தொடர் இணைப்பில் கிடைக்கும் சூடு கால் பங்குதான். அதனால்தான் 'ஹை கொதிக்குது, லோ ஒண்ணுமே தெரியலை' என்று பலர் குறைப்படுகிறார்கள். மின்தடை வைத்து லோ தரும் சுவிட்சுகளும் உண்டு. அவற்றில் மிச்சமாகும் மின்சாரம் அந்த மின்தடையிலேயே சூடாகி வீணாகும்.

நான்கைந்து லெவல் தரும் எலெக்ட்ரானிக் கண்ட்ரோலர் மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடித் திறந்து மூடி சராசரியைக் குறைக்கும், வீணாக்காது. ஆக்ஸ்ஃபோர்டு நிறுவனத்தின் ஹாட்கிரிப்ஸ் இந்த வகை, ஐந்து லெவல். கோசோவின் அப்பல்லோ கிரிப்பில் பட்டன் இடது கிரிப்பிலேயே இருக்கும், தனியாக கண்ட்ரோலர் மாட்ட இடம் தேட வேண்டாம். நீண்ட தூரம் போகிறவர்களுக்குப் பல லெவல் தேவை. கிளம்பும்போது முழுச் சூடு, கை இளகியதும் பாதி, வெயில் ஏறியதும் இன்னும் கீழே என்று வைத்துக்கொள்ளலாம்.

கண்ட்ரோலர் வாங்கும்போது இன்னொன்றைப் பாருங்கள். கிளவுஸ் போட்ட விரலால் அந்தப் பட்டனை அழுத்த முடிய வேண்டும். கண்ணால் தேடாமலே விரலுக்குத் தட்டுப்பட வேண்டும்.

நானே மாட்டலாமா, மெக்கானிக்கிட்ட குடுக்கணுமா?

டேங்க்கையும் சீட்டையும் கழற்றிப் பழக்கம், மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும் என்றால் நீங்களே மாட்டலாம். அவசரமில்லாத ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். கிரிப்பைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் முதல் வேலை, ஒட்டுவதற்கு முன் சோதிப்பது. ஒவ்வொரு கிரிப்பின் ஒயரிலும் மின்தடையை அளந்து பாருங்கள், சில ஓம்கள் காட்ட வேண்டும். 12 வோல்ட்டில் 2 ஆம்ப் இழுக்கும் கிரிப் என்றால் சுமார் 6 ஓம். அப்புறம் எல்லாவற்றையும் மேசைமேல் இணைத்து, பேட்டரியில் கொடுத்து இரண்டும் சூடாகிறதா என்று பார்த்துவிடுங்கள். பசை போட்ட பிறகு பழுது தெரிந்தால் கிரிப்பை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

மின் வேலையில் தயக்கம் இருப்பவர்கள் கிரிப்பை மட்டும் மாட்டிவிட்டு, ஒயரிங்கை ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் விடலாம். அவரிடம் ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) போட்டுக் கொடுக்கும்படி மறக்காமல் கேளுங்கள். ஏன் என்று கீழே வருகிறது.

பழைய கிரிப் கழலவே மாட்டேங்குது.

பார் முனையில் இருக்கும் எடையை முதலில் கழற்றுங்கள். கிரிப்பின் ஓரத்தை மெல்லிய மொண்ணையான கம்பியால் நெம்பி, உள்ளே ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் செலுத்தி முறுக்கினால் வழுக்கிக்கொண்டு வரும். கம்ப்ரசர் இருந்தால் காற்றை உள்ளே ஊதினாலும் கழலும். எண்ணெய் விடுகிறவர்கள் உண்டு, நான் விடமாட்டேன். அது பாரில் தங்கிவிட்டால் புதிய பசை பிடிக்காது. மறுபடி போடப்போவதில்லை என்றால் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்துவிடுவதே சுலபம். வலது பக்கம் மட்டும் கத்தி ஆழமாக இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடியில் பிளாஸ்டிக் ட்யூப் இருக்கிறது.

இடது கிரிப் ஈசியா ஏறிடுச்சு, வலது ஏறவே மாட்டேங்குது. தப்பான அளவு அனுப்பிட்டாங்களா?

பெரும்பாலும் அளவு சரியாகத்தான் இருக்கும். வலது பக்கம் கிரிப் நேராக ஹேண்டில்பாரில் உட்காராது, ஆக்சிலேட்டர் ட்யூப்மேல் உட்காரும். அதனால் வலது கிரிப்பின் உள்விட்டம் பெரிதாக இருக்கும், இரண்டையும் மாற்றிப் போட முடியாது. அந்த ட்யூப்பில் பழைய கிரிப் நழுவாமலிருக்க வரிவரியாக மேடுகள் இருக்கும். ஹீட்டட் கிரிப்பின் உள்பக்கம் கெட்டியான பிளாஸ்டிக், ரப்பர்போல விரிந்துகொடுக்காது. எனவே மேடுகளை ராவி எடுக்க வேண்டும்.

ட்யூப்பைக் கழற்றி வெளியே எடுத்து அரத்தால் ராவுங்கள். கடைசியில் உப்புத்தாளால் தேயுங்கள். வண்டியில் இருக்கும்போதே ராவினால் பிளாஸ்டிக் தூள் ட்யூப்புக்கும் பாருக்கும் நடுவில் போய் ஆக்சிலேட்டர் பிடிக்கும். கொஞ்சம் ராவுவது, போட்டுப் பார்ப்பது, மறுபடி ராவுவது என்று பொறுமையாகப் போங்கள். கையால் அழுத்தினால் இறுக்கமாக ஏற வேண்டும், சுத்தியல் தேவைப்படக் கூடாது. ட்யூப்பைத் தேய்க்க மனமில்லாதவர்கள் அதே வண்டிக்கான புது ட்யூப் ஒன்றை வாங்கி அதில் வேலை செய்து, பழையதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். கேபிள் இல்லாத எலெக்ட்ரானிக் ஆக்சிலேட்டர் வண்டிகளில் ட்யூப்பின் அமைப்பே வேறாக இருக்கலாம். அந்த மாடலுக்குப் பொருந்தும் என்று குறிப்பிட்டிருக்கும் கிரிப்பை மட்டும் வாங்குங்கள்.

எந்தப் பசை போடணும்?

கிரிப்போடு வந்த பசை. அது பெரும்பாலும் சூப்பர் க்ளூ வகையாக இருக்கும். சாதாரண ரப்பர் பசை சூட்டில் இளகி, கிரிப் சுழலத் தொடங்கும். சூப்பர் க்ளூ சில நொடிகளில் பிடித்துவிடும், அதனால் பசையில்லாமல் ஒருமுறை முழுதாக மாட்டி, ஒயர் வெளிவரும் இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு, பிறகுதான் பசை. பாரையும் ட்யூப்பையும் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டிருக்க வேண்டும். நேரம் வேண்டும் என்றால் சூடு தாங்கும், மெதுவாக இறுகும் எபாக்ஸி போடலாம். வலது பக்கம் பசை வழிந்து ட்யூப்புக்கு உள்ளே போகக் கூடாது.

வலது கிரிப் ஒயரை எந்தப் பக்கமா எடுக்கறது?

மாட்டுகிற வேலையில் எனக்கு அதிகக் கவலை தருவது இந்த இடம்தான். வலது கிரிப் ஒவ்வொரு முறையும் கால் சுற்று அளவுக்குத் திரும்புகிறது, ஒயரும் அதோடு திரும்புகிறது. ஒயர் எங்காவது சிக்கினால் ஆக்சிலேட்டர் மூடாமல் நின்றுவிடும். வளைவில் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆக்சிலேட்டர் முழுதாக மூடிய நிலை, முழுதாகத் திறந்த நிலை இரண்டிலும் ஒயர் வெளிவரும் மூக்கு பிரேக் லிவரின் பிடியிலோ சுவிட்ச் பெட்டியிலோ முட்டக் கூடாது. பெரும்பாலான வண்டிகளில் மூக்கு கீழ்ப்புறமாக இருந்தால் சரிவரும். ஆனால் உங்கள் வண்டியில் திருப்பிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மூக்கை ஒட்டி ஒயரை ஒரு வளையமாகத் தளர விட்டு, அதற்கு அப்பால்தான் முதல் டை போட வேண்டும். ஆக்சிலேட்டர் கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள். கிரிப்பின் உள்விளிம்புக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் நடுவில் 1, 2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். வெளிமுனையில் பார் எடைக்கும் அதே இடைவெளி.

பிறகு சோதனை. எஞ்சின் அணைந்திருக்க, ஹேண்டிலை முழுதும் இடப்பக்கம் திருப்பி, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து கையை எடுத்துவிடுங்கள். 'டக்'கென்று தானாக மூட வேண்டும். நேராக வைத்தும் வலப்பக்கம் திருப்பியும் இதையே செய்யுங்கள். அப்புறம் எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்புங்கள். ஆர்.பி.எம். கொஞ்சம்கூட ஏறக் கூடாது. மூன்று நிலையிலும் சுத்தமாக மூடாத வண்டியைத் தெருவுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

நேரா பேட்டரியில குடுத்தா என்ன? எதுக்கு ரிலே?

நேராகக் கொடுத்தால் வேலை செய்யும். ஆனால் வண்டியை நிறுத்திவிட்டு கிரிப்பை அணைக்க மறந்துவிட்டால், 6 ஆம்ப்-அவர் பேட்டரியிலிருந்து 4 ஆம்ப் போய்க்கொண்டே இருக்கும். அரை மணி, முக்கால் மணி நேரத்தில் செல்ஃப் எடுக்காத நிலைக்கு வந்துவிடலாம். வோல்ட் குறைந்தால் தானே அணையும் கண்ட்ரோலர்கள் உண்டு, நல்ல வசதிதான். இருந்தாலும் பலவற்றில் அந்த எல்லை 11.5 வோல்ட் அளவில் இருக்கும், பழைய பேட்டரிக்கு அதுவே மிகவும் தாமதம்.

ரிலே போட்டால் சாவியை அணைத்ததும் கிரிப்பும் அணையும். ரிலேயில் 30, 85, 86, 87 என்று நான்கு கால்கள். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஃபியூஸ் வழியாக 30க்கு. 87லிருந்து கிரிப் கண்ட்ரோலரின் பிளஸ்ஸுக்கு. 86க்குச் சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் ஏதாவது ஒரு ஒயரிலிருந்து கிளை, டெயில் லைட் ஒயர் வசதியானது. 85ஐ பேட்டரி மைனஸ்ஸுக்கு. ரிலேயின் சுருள் இழுப்பது 0.2 ஆம்ப்புக்கும் குறைவு, அதனால் டெயில் லைட் ஒயருக்குச் சுமை தெரியாது. கிரிப்பின் 4 ஆம்ப்பை நேராக அந்த ஒயரிலிருந்து எடுத்தால் ஒயர் சூடாகும், ஃபியூஸ் போகும், இரவில் டெயில் லைட்டும் சேர்ந்து போகும்.

கிரிப்பின் மைனஸ்ஸையும் சேஸிஸில் எங்கோ ஒரு போல்ட்டில் கொடுக்காமல் பேட்டரி மைனஸ்ஸுக்கே கொண்டுபோங்கள். பெயிண்டும் துருவும் தரும் தொல்லை இருக்காது. இணைப்புகளுக்கு நல்ல கிரிம்ப் போதும், அதன்மேல் சூடு காட்டினால் சுருங்கும் ட்யூப் போடுங்கள். சால்டர் வைத்த இடம் விறைப்பாகிவிடும், அதிர்வில் அதன் ஓரத்திலேயே ஒயர் முறியும்.

எத்தனை ஆம்ப் ஃபியூஸ்?

தயாரிப்பாளர் சொன்னது. சொல்லவில்லை என்றால் 4 ஆம்ப் இழுக்கும் ஜோடிக்கு 5 அல்லது 7.5 ஆம்ப். ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும், ஏனென்றால் ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் ஒயருக்கு எந்தக் காவலும் இல்லை. அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடுவது, ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒயரை எரியவிடுவது.

என் வண்டி கேன்-பஸ் ஒயரிங். தொட்டா எரர் வரும்னு சொல்றாங்களே?

கேன்-பஸ் என்பது வண்டியின் கணினிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறிக்கொள்ளும் ஒயரிங். அப்படிப்பட்ட வண்டிகளில் ஒவ்வொரு சர்க்யூட்டும் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை வண்டியின் கணினி கண்காணிக்கும். வழக்கத்தைவிட அதிகமாக இழுத்தால் பல்பு பழுது என்று காட்டலாம், அல்லது அந்தச் சர்க்யூட்டையே அணைத்துவிடலாம். எனவே லைட் ஒயர்களைத் தொடாதீர்கள். கூடுதல் சாமான்களுக்கென்று தயாரிப்பாளரே விட்டிருக்கும் கனெக்டர் இருந்தால், ரிலேயின் 86ஐ அங்கே கொடுங்கள். கிரிப்புக்கான மின்சாரம் ரிலே வழியாக பேட்டரியிலிருந்தே வருவதால் கணினிக்கு அது தெரியாது. கனெக்டரிலிருந்தே கிரிப்பை ஓட்ட நினைத்தால், அது எத்தனை ஆம்ப் தாங்கும் என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இதே வண்டிக்கு கம்பெனி ஹீட்டட் கிரிப் கிடைத்தால் அதையே போடுங்கள், மீட்டரிலிருந்தே இயக்கலாம்.

இடது கிரிப் வலதைவிடக் கம்மியா சுடுது. பழுதா?

பழுதாக இருக்க வேண்டியதில்லை. வலது கிரிப்புக்கு அடியில் பிளாஸ்டிக் ட்யூப் இருக்கிறது, அது சூட்டைக் கடத்தாது. இடது கிரிப் நேராக உலோக ஹேண்டில்பாரில் உட்கார்ந்திருக்கிறது, பார் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அலுமினியம் பார் என்றால் இன்னும் அதிகம். நல்ல தயாரிப்பாளர்கள் இடது ஹீட்டருக்குக் கூடுதல் சக்தி கொடுத்து இதைச் சரிக்கட்டுவார்கள்.

அடியில் ஒட்டும் படலம் வாங்கியவர்கள் இடது பக்கம் பார்மேல் முதலில் தடிமனான சுருங்கும் ட்யூப்பை ஒன்றிரண்டு அடுக்கு போட்டு, அதன்மேல் படலத்தை ஒட்டினால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். பல செட்களில் இடது, வலது என்று படலத்தின்மேல் குறித்திருக்கும், மாற்றி ஒட்டிவிட்டாலும் இந்தக் குறை வரும்.

உள்ளங்கை சுடுது, ஆனா விரல் நுனியும் புறங்கையும் விறைக்குது.

கிரிப் தொடும் இடத்தைத்தான் சூடாக்கும். புறங்கையில் காற்று அடிப்பதை அது தடுக்காது. ஒரு ஜோடி ஹேண்ட்கார்டு (கைக்கு முன்னால் காற்றைத் தடுக்கும் கவசம்) மாட்டுங்கள். கிரிப்பில் ஒரு லெவல் கூட்டுவதைவிட அது அதிகப் பலன் தரும். கடும் குளிரில் ஓட்டுகிறவர்கள் ஹேண்டில்பாரில் மாட்டும் பெரிய உறைக்குள் கையை விட்டு ஓட்டுகிறார்கள். அதற்குள் கிரிப்பின் சூடு தங்கும், சாதாரண கிளவுஸே போதும்.

கிளவுஸைப் பொறுத்தவரை, உள்ளங்கை மெல்லியதாகவும் புறங்கை தடித்துக் காற்றுப் புகாததாகவும் இருப்பதைத் தேடுங்கள். உள்ளங்கையிலும் பஞ்சு வைத்த கிளவுஸ் குளிரைத் தடுப்பதுபோலவே கிரிப்பின் சூட்டையும் தடுக்கும். இறுக்கமான கிளவுஸும் வேண்டாம், ரத்த ஓட்டம் குறையும். கை விறைத்த பிறகு சுவிட்சைத் தேடாதீர்கள். கிளம்பிய சில நிமிடத்திலேயே போட்டுவிடுங்கள், விறைத்த கையை இளக்குவதைவிட இளகிய கையை அப்படியே வைத்திருப்பது சுலபம்.

ஹீட்டட் கிளவுஸ் வாங்கிட்டா கிரிப் தேவையில்லைதானே?

ஹீட்டட் கிளவுஸ் விரல் நுனியையும் புறங்கையையும் சூடாக்கும், அந்த விஷயத்தில் அது மேல். ஆனால் தினமும் சார்ஜ் போட வேண்டும், அல்லது வண்டியோடு ஒயரால் இணைக்க வேண்டும். கிரிப் எப்போதும் வண்டியிலேயே இருக்கிறது, திடீரென்று குளிர்ந்தாலும் கை எட்டும் தூரத்தில் இருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் கிரிப்பைத்தான் எடுப்பேன். வண்டியோடு இணைக்கும் கிளவுஸையும் சேர்த்துப் போடுவதாக இருந்தால் கரண்ட் கணக்கை மறுபடி போடுங்கள்.

மழையில நனைஞ்சா ஷாக் அடிக்குமா?

அடிக்காது, 12 வோல்ட்டில் அந்தப் பயம் வேண்டாம். நல்ல கிரிப்கள் மழையைத் தாங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கும். தண்ணீர் புகுந்து துரு பிடிப்பது கனெக்டர்களில்தான். அவற்றை ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ டேங்குக்கு அடியிலோ வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். வாட்டர் சர்வீஸில் உயரழுத்தத் தண்ணீரைக் கிரிப்பின் விளிம்பிலும் கண்ட்ரோலரிலும் நேராக அடிக்க விடாதீர்கள்.

ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யுது. சில நேரம் ரெண்டும் விட்டு விட்டு வருது.

ஒரு பக்கம் மட்டும் போனால் உங்கள் கிரிப்கள் பக்க இணைப்பில் இருக்கின்றன, பழுது அந்தப் பக்கத்துக் கிரிப்பில் அல்லது கனெக்டரில். கனெக்டரைக் கழற்றி மின்தடையை அளங்கள். எல்லையில்லாமல் காட்டினால் உள்ளே ஒயர் அறுந்திருக்கிறது. வலது பக்கம் என்றால், மூக்கை ஒட்டி ஒயரை அசைத்துக்கொண்டே அளந்து பாருங்கள். திரும்பித் திரும்பி அங்கேதான் இழை முறியும். தொடர் இணைப்பில் இருப்பவை ஒன்று அறுந்தாலும் இரண்டும் நின்றுவிடும்.

இரண்டும் சேர்ந்து விட்டு விட்டு வந்தால் பொதுவான பகுதிகளைப் பாருங்கள்: பேட்டரி முனையில் தளர்ந்த போல்ட், ஃபியூஸ் பிடி, ரிலே கால். ஐட்லிங்கில் மட்டும் அணைந்து, ஓட்டும்போது வந்தால் அது பழுதே இல்லை. வோல்ட் குறைவதைக் கண்டு கண்ட்ரோலர் பேட்டரியைக் காப்பாற்றுகிறது. பேட்டரி வயதாகிவிட்டதா என்று பாருங்கள். இரவு முழுதும் நின்ற வண்டியில், சாவி போடாமல், 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும்.

ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் ஃபியூஸ் போகுது.

ஒயர் எங்கோ நசுங்கி அல்லது உராய்ந்து உலோகத்தைத் தொடுகிறது. ஹேண்டில்பாரின் கழுத்தில், ஃபோர்க் திரும்பி நிற்கும் தடுப்பைச் சுற்றிப் பாருங்கள். ஒயர் அந்த இடத்தை வண்டியின் மெயின் ஒயர்கட்டு போகும் வழியிலேயே தாண்ட வேண்டும், இரு கோடிக்கும் திருப்பும்போது இழுபடாத அளவு தளர்ச்சி வேண்டும். உரிந்த இடத்தில் டேப் சுற்றி விட்டுவிடாதீர்கள். ஒயரின் பாதையை மாற்றாவிட்டால் டேப்பும் தேயும்.

எனக்குச் சர்க்கரை இருக்கு, கை அவ்வளவா உணர்ச்சி இல்லை. போடலாமா?

போடலாம், ஆனால் கீழ் லெவலில். உணர்ச்சி குறைந்த கைக்குச் சூடு அதிகமாவது தெரியாது. கொதிக்காத, மிதமான சூடுகூட ஒரே இடத்தில் மணிக்கணக்காகப் பட்டால் தோலைச் சுடும். வெறுங்கையால் பிடிக்காமல் கிளவுஸோடு பிடியுங்கள், நிற்கும்போதெல்லாம் உள்ளங்கையைப் பாருங்கள், சிவந்திருந்தால் அணைத்துவிடுங்கள். குளிர் பட்டதும் விரல் வெளுத்து மரத்துப் போகும் ரேனாட் நோய் உள்ளவர்களுக்கு ஹீட்டட் கிரிப் பெரிய உதவி. அவர்கள் ஹேண்ட்கார்டையும் சேர்த்தே போட வேண்டும். இரு சாராருமே தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

வண்டியை மாத்தும்போது கழட்டி அடுத்த வண்டியில போட்டுக்கலாமா?

சுற்றிக் கட்டும் உறை என்றால் தாராளமாக. பசை போட்ட முழு கிரிப்பை உடையாமல் எடுப்பது அரிது. கண்ட்ரோலர், ரிலே, ஃபியூஸ் பிடி எல்லாம் வரும், கிரிப் மட்டும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். சில தயாரிப்பாளர்கள் கிரிப்பைத் தனியாகவும் விற்கிறார்கள். வாங்கும்போது அதே கண்ட்ரோலருக்குப் பொருந்தும் மாடல்தானா என்று பார்த்து வாங்குங்கள்.